வளரும் தாடையும் ஊன்றும் பல்லும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்னும் பழமொழியை நாம் முதியோரைக் குறித்தே வழங்குகின்றோம். பதினான்கு வயதுப் பிள்ளையின் தாடையெலும்பில் கட்டி தோன்றி, அதனை அகற்றுங்கால் பற்களும் உடன்போமாயின் யாது செய்வது? கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டியிலே, அதனைக் கடிக்கவியலாத பிள்ளையின் துயரை விரித்துரைத்தல் வேண்டா.

சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 2019 ஜூலையில், ஏழு வயதுச் சிறுவனொருவனின் கீழ்த்தாடையிலிருந்து, சிறிதும் பெரிதுமாக 526 பற்கள் அடங்கிய கட்டியை மருத்துவர் அகற்றினர். வீக்கம் அவனுடைய மூன்றாம் வயதிலேயே காணப்பட்டது. அக்கட்டி புற்றன்று, பிள்ளை நலம்பெற்றான். ஆயினும் இழந்த கடைவாய்ப் பற்களுக்காக அவன் வளருமட்டும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காத்திருப்பது ஏன் என்று பெற்றோர் வினவுவர். டைட்டேனியம் என்னும் உலோகம் எலும்போடு ஒன்றிப்போதலைச் சுவீடன் நாட்டுப் பிரோனெமார்க் என்பார் 1952இல் முயலெலும்பிற் கண்டு, 1965இல் மனிதர்க்கு அம்முறையாற் பல் அமைத்தார். அவ்வொன்றிப்பே அதன் வலிமை. வளரும் பிள்ளைக்கு அதுவே இடையூறு. இயற்கைப் பல் தாடை வளர வளர உடனெழும். எலும்பில் ஊன்றிய பல் எழாது. ஓடையோரத்து நட்ட கல் வண்டல் ஏற ஏறத் தாழ்ந்து தோன்றுதல்போல, அண்டைப் பற்கள் உயர இப்பல் தாழ்ந்துவிடும். ஆதலின் ஓராண்டு இடைவிட்டெடுத்த எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டு, வளர்ச்சி நின்றதை அறிந்த பின்னரே ஊன்றுதல் முறை. பெண்மக்கட்கு அது பெரும்பாலும் பதினேழு பதினெட்டு வயது. ஆண்மக்கட்கு இருபதை ஒட்டிய வயது. பிறவியிலேயே பற்களில்லாத சிலர்க்கு விதிவிலக்குண்டு. மேலும், சில கட்டிகள் மீண்டும் முளைக்கும் இயல்பின. ஆகவே திசுவைச் சோதித்து இன்ன கட்டியென அறிதலும், ஆண்டுதோறும் பார்த்துவருதலும் பல்லமைத்தலுக்கு முந்தியவை.

எனினும் ‘காத்திரு’ என்று சொல்லி அனுப்பிவிடுதல் திட்டமாகாது என்பதே எமது கருத்து. செல்வர் மகன் காத்திருப்பான். தீப்பெட்டித் தொழிலாளியின் மகளோ மறக்கப்படுவாள். பல்லற்ற இடத்தில் எலும்பு நாளடைவில் தேயும். பின்னர் இடுப்பெலும்பேனும் காலெலும்பேனும் எடுத்து ஒட்ட வேண்டிவரும். அறுவைக்கு முன்னரே அறுவை மருத்துவரும் பல் கட்டுவோரும் ஒருங்கிருந்து ஆராய்ந்து, அடுத்த ஆறேழு ஆண்டுகளில் செய்யத்தக்கவற்றை எழுதிப் பெற்றோர் கையில் தருதல் வேண்டும். இடைக்காலத்திற்குக் கழற்றி மாட்டும் பற்களைத் தந்து, தாடை வளர வளர மாற்றியமைத்தல் வேண்டும்.

1953இல் தோன்றிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி கரிசற் சீமைக்குத் தொலைவு. 2023இல் திறக்கப்பெற்ற புதுக்கோட்டைக் கல்லூரிக்குச் செல்வதற்கும் ஒருநாட் கூலியை இழத்தல் வேண்டும். இந்நிலையில், கட்டியை அகற்றுவது மருத்துவம், பல்லை அமைப்பது அலங்காரம் என்னும் வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டும். மெல்லவும், பேசவும், கூச்சமின்றிச் சிரிக்கவும் இயலாத பிள்ளையை நலம்பெற்றது என்று எங்ஙனம் கூறுவது?

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லுங்கால், வலியற்ற தாடை வீக்கத்தைக் காணின், தானே வற்றும் என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பதம் பார்த்து விதைக்கும் கரிசல் உழவர்க்குக் காத்திருத்தல் புதிதன்று. பதம் வரும்போது விதை கையிலிருத்தல் வேண்டும். அவ்வளவே அவர்தம் பிள்ளைகட்காக நாம் கேட்பது.