இடாப்பில் இல்லாத பெயர்

மதிப்பிற்குரிய தொழில் ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

சிறுவர் உழைப்பு, அதாவது பிள்ளையின் படிப்பையும் உடல், உள வளர்ச்சியையும் பறிக்கும் வேலை, றொசல்ல போன்ற தோட்டப் பகுதிகளைப் பொறுத்தவரை இன்று தேயிலை மலையை விட நகரத்து வீடுகளிலும் கடைகளிலுமே மறைந்து கிடக்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே இம்மடலின் நோக்கமாகும்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், பிள்ளை என மூவகைக் கூலியை ஏற்றிருந்த காலத்தில், பிள்ளையின் பெயரும் செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தோரை நாள்தோறும் பதியும் தோட்டத்து இடாப்பில், ஏறியது. பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதைக் கட்டுப்படுத்தும் 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டமும், வேலைக்கான குறைந்தபட்ச வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திய 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்தப் பெயரை நீக்கிவிட்டன. ஆனால், தரகர் ஒருவரின் பின்னால் கொழும்புக்குப் புகையிரதம் ஏறும் பிள்ளையின் பெயர், பாடசாலை வரவு இடாப்பிலிருந்து மறைந்தபின், வேறெந்த இடாப்பிலும் தோன்றுவதில்லை.

நிர்ணயித்த கிலோ கொழுந்து தராசில் நிறையாத நாளில் அப்பிள்ளையின் தாய்க்கு 'அரைப்பேர்', அதாவது பாதி நாட்சம்பளமே, விழுகிறது. அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக உயர்ந்த பின்னரும், முற்பணமும் கடைக்கடனும் கழிந்து கையில் மிஞ்சுவது சொற்பமாக உள்ள வீட்டில், தரகர் நீட்டும் பணம் பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. கொழும்பில் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த டயகமச் சிறுமி ஒருத்தி 2021 ஜூலையில் தீக்காயங்களால் உயிரிழந்தபோது மலையகமே வீதிக்கு வந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பது எவருக்கும் தெரிய வராத நிலை அன்று வெளிப்பட்டது.

ஆகவே, தொடர்ந்து வராத மாணவரின் விபரம் அதே வாரத்தில் அதிபரிடமிருந்து தொழில் அலுவலருக்கும் சிறுவர் உரிமை உத்தியோகத்தருக்கும் செல்லும் ஒழுங்கு வேண்டும். சட்டத்தின் கை தாயை அன்றி, தரகரையும் வேலைக்கு வைத்தவரையும் முதலில் பற்ற வேண்டும். மீட்கப்படும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை வரையேனும் படிக்க உதவித்தொகை கிடைக்க வேண்டும். 1929 என்னும் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பு வரும்வரை காத்திராமல், வகுப்பாசிரியர் பெயர் கூப்பிட்டு விடை வராத முதல் வாரத்திலேயே அரசு அப்பிள்ளையைத் தேடிச் செல்லுமாயின், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்ட பாதுகாப்பு லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், வாசலுக்கும் வந்து சேரும்.

இவ்வண்ணம்,
மலையகச் சிறுவர் நலம் நாடுவோர்
றொசல்ல