கஷாயமும் மாத்திரையும்

“இலைதானே, என்ன செய்துவிடப் போகிறது?” என்னும் பேச்சு நம் இல்லங்களிலே அடிக்கடி ஒலிக்கின்றது. சளிக்குத் தூதுவளை, வயிற்றுக்கு ஓமம், சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சான் என்று நம் பாட்டிமார் அறிந்து வைத்திருக்கும் கைமருந்துகளைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் இந்தப் பேச்சை மட்டும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஒன்றும் செய்யாது என்றால் அதை எதற்காகக் குடிக்க வேண்டும்? நோயைத் தணிக்கும் ஆற்றல் இலைக்கு உண்டென்றால், உடன் உண்ணும் மாத்திரையோடு மோதும் ஆற்றலும் அதற்கு உண்டு அன்றோ?

சிறுகுறிஞ்சானையே எடுத்துக்கொள்வோம். 1990-ஆம் ஆண்டு வெளியான சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு வந்த 22 பேருக்கு இவ்விலையின் சாரம் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் தரப்பட்டது. மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. ஐவர் அதை நிறுத்தியே விட்டனர். ஆய்வு சிறியதுதான், எனினும் மகிழ வேண்டிய செய்தி. ஆனால் அங்கே இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தல்லவா குறைத்தார்கள்! வீட்டிலோ, பாட்டி மாத்திரையையும் விழுங்குகிறார். பொடியையும் மோரிலே கலக்கிக் குடிக்கிறார். மாத்திரையின் அளவு பழைய அளவே. பதினொரு மணிக்கு உடல் வியர்த்துக் கை நடுங்கினால், “வெயில் கடுமை” என்று விசிறி எடுத்து வருகிறார்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம் என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

இது மருந்தின் வேலை மிகுந்துபோகும் வகை. மருந்தையே வீணாக்கும் வகையும் உண்டு. ஸ்நாபக அருளப்பர் திருநாளையொட்டிப் பூப்பதால் ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ என்று பெயர் பெற்ற செடியொன்று ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு உண்ணப்படுகிறது. மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவர் சுவிட்சர்லாந்திலே இதை உண்டனர். உடல் புது இதயத்தை ஒதுக்காதிருக்க அவர்கள் உண்டுவந்த ‘சைக்ளோஸ்போரின்’ மருந்தின் அளவு இரத்தத்தில் வீழ்ந்து, இதயத்தை உடல் ஒதுக்கத் தொடங்கிவிட்டது என்று 2000-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் எழுதினர். அந்தச் செடி கல்லீரலைத் தூண்டிவிட, அது மருந்தை வழக்கத்தைவிட விரைவாகச் சிதைத்துவிட்டதே காரணம்.

நமக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. தேர்வு வந்தால் ஞாபகசக்திக்கென்று சங்குபுஷ்பி ‘சிரப்’ வாங்கித் தராத பெற்றோர் குறைவு. வலிப்பு நோய்க்கு ‘பெனிடாயின்’ மாத்திரை உண்டவர்கள் சங்குபுஷ்பி சேர்ந்த மருந்தையும் உண்டபோது, அடங்கியிருந்த வலிப்பு மீண்டதை மும்பை மருத்துவர்கள் கண்டு 1992-இல் வெளியிட்டனர். அப்படிப்பட்ட மாணவி ஒருத்தி எந்த வகுப்பிலும் இருக்கலாம். தொண்டைக்கு நல்லதென்று நாள்கணக்கில் சுவைக்கும் அதிமதுரமோ இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது. அழுத்த மாத்திரை உண்போர் கவனிக்க வேண்டும்.

நிற்க. குற்றம் மூலிகையிலும் இல்லை, மாத்திரையிலும் இல்லை; நடுவே நிலவும் மௌனத்தில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. டாக்டர் கடிந்துகொள்வார் என்று பாட்டி கஷாயத்தை மறைக்கிறார். கூட்டத்தின் அவசரத்தில், “வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், அம்மா?” என்று டாக்டரும் கேட்பதில்லை. வைத்தியரிடமோ மாத்திரையின் பெயரைச் சொல்லத் தெரிவதில்லை.

அந்தப் பெயரை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாம். ஆஸ்பத்திரிக்குப் பாட்டியின் துணையாய்ப் போகிறவர்களும் பெரும்பாலும் நாமே. எனவே மருத்துவச் சீட்டோடு பொடி டப்பாவையும் பையிலே எடுத்துச் செல்வோம். கேளாமலே எதையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. நாட்டு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துத் தந்த பொட்டலமானால், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கடைக்காரரைக் கேட்டு மேலேயே எழுதி வைப்போம். டாக்டர்களின் கையெழுத்தைவிட நம் கையெழுத்து தெளிவாகத்தானே இருக்கிறது!