ஜெர்மானியருக்கு வீடு, எஸ்டேட் பிள்ளைக்கு விசாரணை

ஆய்வு வேலைக்காகச் சென்னையில் வீடு தேடினேன். கூடவே தேடியவர் ஜெர்மனியிலிருந்து வந்த சக ஆய்வாளர். அவருக்கு அடையாறு பக்கம் மூன்றாவது நாளே வீடு கிடைத்துவிட்டது. வெளிநாட்டவரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அரசுக்குத் தகவல் தர வேண்டும். அந்த அலைச்சலையும் அவர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார். மாட்டுக்கறி சாப்பிடுவீர்களா என்று கேட்கவில்லை.

என்னிடம் கேட்டார்கள். 'சொந்த ஊர்?' ஏற்காடு என்றேன். 'அட, குளுகுளுன்னு இருக்குமே! அங்க எஸ்டேட் இருக்கா உங்களுக்கு?' எஸ்டேட்டில் லைன் வீடு இருக்கிறது, அம்மா காப்பிப் பழம் பறிக்கிறார் என்றேன். 'வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்.' இப்படி ஐந்து வீடுகள். யாரும் சாதியைக் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ளும் வித்தை நம்மவர்களுக்குத் தெரியாதா என்ன?

வேலைக்காக நம் பெருநகரங்களில் வந்து தங்கும் வெள்ளைக்காரருக்கு 'எக்ஸ்பாட்' என்று பெயர். சேர்வராயன் மலையிலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் போகும் மலையாளிப் பழங்குடி இளைஞர் வெறும் 'வெளியூர் ஆள்'. (மலையாளி என்றால் கேரளத்தவர் அல்ல. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி என்பதையே சென்னையில் பலருக்கு விளக்க வேண்டியிருக்கிறது.)

எங்கள் மலையும் எக்ஸ்பாட்டைப் பார்த்ததுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே காப்பியைக் கொண்டுவந்தார். சுற்றுலாக் குறிப்புகள் இன்றும் அவரை 'ஏற்காட்டின் தந்தை' என்கின்றன. அவருக்கு முன்பே அங்கே உழுது விதைத்து, சேர்வராயனைக் கும்பிட்டு வாழ்ந்தவர்கள் யார் பெற்ற பிள்ளைகளோ! என் தாத்தா சமவெளியின் சேரியிலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறியவர். ஊரை விட்டால் சாதியும் விட்டுவிடும் என்று நினைத்திருப்பார். லைன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வரைக்கும் அது கூடவே ஏறி வந்தது.

அண்ணல் அம்பேத்கரின் பரோடா அனுபவத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். நண்பர்கள் இருவரிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவருமே கைவிரித்தார்கள். வெளிநாட்டில் இருந்த ஆண்டுகளில் தான் தீண்டத்தகாதவன் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்ததாம். அந்த நினைவுகளை எழுதியபோது தலைப்பில் 'விசா' என்ற சொல்லை வைத்தார். சொந்த நாட்டில் குடியிருக்க விசா கேட்டு நின்றவர் அவர்.

நூறாண்டு கடந்தும் அந்த விசா வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைக் குற்றமென்று அது சொல்லவில்லை. சமூகநீதி பேசும் அரசுக்கு அந்த ஒரு பிரிவைச் சேர்ப்பதில் என்ன தயக்கம்? வீடு மறுக்கப்பட்டவர் புகார் செய்ய ஓர் இடமாவது வேண்டாமா?

நான் இப்போது அந்த ஜெர்மானியத் தோழரின் வீட்டில், பின்பக்க அறையில் இருக்கிறேன். ஒப்பந்தம் அவர் பெயரில். வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் என்னைப் பார்த்து, 'ஃபிரெண்டா? எத்தனை நாள் இருப்பீங்க?' என்று கேட்கிறார்.