ஆயிரம் சாட்சிகளும் ஒரு கோளும்

திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை இரவு இன்று இரவாக இல்லை. தொழிற்சாலை விளக்குகளும் சரக்கு வண்டிகளின் வெளிச்சமும் விண்மீன்களை விழுங்கிவிட்டன. ஆயினும் வியாழனும் சனியும் அங்கு மறைவதில்லை. அவற்றின் ஒளி அத்துணை வலிது. மங்கிய விண்மீன்களை ஆராயக் காவலூர் மலைக்குச் செல்லவேண்டும். கோள்களுக்கோ விடுதி மொட்டைமாடியே போதும் என்போம்.

அங்குத் தடை ஒளியன்று, காற்று. பகலெல்லாம் வெயில் குடித்த தகரக் கூரைகளும் தார்ச்சாலைகளும் இரவில் வெப்பத்தை உமிழ, தொலைநோக்கியில் கோள் நீருக்கடியில் கிடக்கும் காசெனத் தளும்புகிறது. ஒற்றை நிழற்படத்தில் அத்தளும்பலே பதியும். எனவே ஆர்வலர்கள் இரண்டு மூன்று நிமிடக் காணொளி எடுக்கின்றனர். வியாழன் பத்து மணி நேரத்திற்குள் தன்னைத்தானே சுற்றிவிடுவதால் மிகவும் நீட்டினால் அதன் முகமே திரும்பிவிடும். அக்காணொளியின் ஆயிரக்கணக்கான படங்களுள், காற்று கணப்பொழுது அடங்கியபோது பதிந்தவற்றைக் கணினி பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. நூறு படங்கள் சேர்ந்தால் தற்செயலான புள்ளிக்குழப்பம் பத்திலொரு பங்காகும்.

இது புனைவன்றோ என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கூடிப் பொய்யுரைத்திருக்க இயலாத அளவுக்குப் பலர் பல வழிகளில் அறிவித்த செய்தியை ஹதீஸ் கலையில் ‘முதவாத்திர்’ என்பர். காற்று ஒவ்வொரு படத்தையும் வெவ்வேறு விதமாகக் குலைக்கிறது. அத்தனையும் ஒத்துரைப்பது கோளின் உருவத்தை மட்டுமே. (ஆடி கோணியிருந்தால் எல்லாச் சாட்சியும் ஒரே பிழையைச் சொல்லும் என்பது வேறு.)

ஆபத்து பின்னர் வருகிறது. கூர்மையேற்றும் கட்டத்தில் கை சற்று மிகுந்தால் இல்லாத கோடுகள் முளைக்கும். செவ்வாயில் கால்வாய்கள் கண்ட பெர்சிவல் லோவலுக்குக் கணினி தேவைப்படவில்லை, ஆவலே போதுமாயிற்று. இன்று சில கைப்பேசிகள், தாம் முன்பே கற்றுவைத்த நிலவின் விவரங்களை மங்கிய படத்தில் சேர்த்துவிடுகின்றன. அது சாட்சியமன்று, மனப்பாடம்.

நேர்மையான படத்தின் பயன் பெரிது. 2009 ஜூலை 19 அன்று வியாழனில் புதிய கரும்புள்ளியைக் கண்டவர் ஆஸ்திரேலிய ஆர்வலர் அந்தோணி வெஸ்லி. ஏதோவொன்று மோதிய வடு அது என்பதை ஹவாயிலிருந்த நாசாவின் தொலைநோக்கி உறுதிசெய்தது.

இவ்வழித்தடத்துக் கல்லூரிகள் இப்பணியில் இறங்கட்டும். ஆனால் ஒவ்வொரு படத்தோடும் மூலக் காணொளியும், இடமும், நேரமும், சேர்த்த படங்களின் எண்ணிக்கையும் இருத்தல் வேண்டும். பிறை கண்டேன் என்று வருபவரிடம் எங்கே, எப்போது, உடனிருந்தவர் யார் என்று நாம் கேட்கிறோம் அல்லவா?