லயத்து வீட்டில் கார் ரேடியோ

காரே இல்லாதவர் வீட்டில் கார் ரேடியோ எதற்கு என்று கேட்போர் உண்டு. மலையகத்தின் அண்மைக்கால வரலாற்றை அறியாததனால் எழும் கேள்வி அது.

அவிசாவளையிலிருந்து அட்டன் செல்லும் வீதியில் கினிகத்தேனை அமைந்துள்ளது. லக்சபானவும் நோட்டன் பிரிட்ஜும் அதற்கு அருகிலேயே உள்ளன. இம்மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே விளக்கினார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆனால், கம்பிகள் தலைக்கு மேலாகக் கொழும்புக்குச் சென்றனவேயன்றி, பெரும்பாலான லயங்களுக்குள் பல தசாப்தங்களாக நுழையவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது 12 வோல்ட் கார் பற்றரி. அதைத் தோளில் சுமந்து டவுனுக்குச் சென்று சார்ஜ் செய்து வருவார்கள். அதில் வானொலி கேட்டார்கள். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்த்தார்கள். வீட்டு ஸ்டீரியோவுக்கு 230 வோல்ட் வேண்டும். கார் கசெட் செட்டுக்கோ அந்தப் பற்றரியே போதும். எனவே கார் செட்டை வாங்கி, வீட்டு ஸ்பீக்கர் பெட்டிகளுடன் இணைத்ததில் விசித்திரம் எதுவுமில்லை. கையிலிருந்த மின்சாரத்துக்கேற்ற கருவியைத் தெரிவு செய்த புத்திசாலித்தனம் அது.

மின்சாரம் வந்த பின்னரும் அவ்வழக்கம் மறையவில்லை. பழைய கணினியின் பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட் எடுத்து கார் செட்டை இயக்கும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதை ஏழ்மையின் அடையாளமாகக் கண்டு நகைப்பது தவறு என்பதே எனது கருத்து. ஆனால், பாராட்டுவதோடு நின்றுவிடவும் கூடாது. சில உண்மைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, பெட்டியின் மேல் அச்சிடப்படும் '50 வாட் x 4' என்ற விளம்பரம். 12 வோல்ட் பற்றரியில் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தெளிவான ஒலியாகக் கிடைக்கக்கூடியது கணக்குப்படி ஏறத்தாழ 18 வாட்தான். வீட்டு ஸ்பீக்கர்களிற் பல 8 ஓம் கொண்டவை. அவற்றில் அது பாதியாகிவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு அந்த 9 வாட் தாராளம். அடுத்த வீட்டையும் நம்மையும் பிரிப்பது ஒரேயொரு சுவர் என்பதை மறந்துவிடலாகாது.

இரண்டாவது, இணைப்பு. இன்றைய கார் செட்களில் பெரும்பாலானவற்றின் ஸ்பீக்கர் மறை வயர்களை ஒன்றாக முறுக்கவோ, வீட்டு அம்பிளிபயரின் பூமி இணைப்புடன் சேர்க்கவோ கூடாது. சேர்த்தால் உள்ளிருக்கும் ஐசி எரிந்துபோகலாம். வீட்டு அம்பிளிபயருடன் இணைக்க விரும்புவோர், செட்டின் பின்புறம் லைன் அவுட் இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவதே உயிரோடு சம்பந்தப்பட்டது. பன்னிரண்டு வோல்ட் உடலைத் தாக்காது என்ற துணிவில், பற்றரியைக் கட்டிலுக்கடியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறும். அடுப்பின் ஒரு தீப்பொறி போதும், அது வெடிக்க. வயர்கள் ஒன்றோடொன்று உரசினால், பற்றரி வெளிவிடும் மின்னோட்டம் அவற்றைத் தணலாக்கிவிடும். லயத்தில் தீப்பிடித்தால் அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. கூரை முழுவதும் ஒன்று. நேர்முனைக்கு அருகில் ஒரு பியூஸ், பற்றரிக்குக் காற்றோட்டமான இடம்: இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு மிக அற்பம். பற்றரியை விற்பவரும் சார்ஜ் செய்து கொடுப்பவரும் இதை ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் என்ன?

2022இல் நாடு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்தபோது, நகரத்து மாடிவீடுகள் இருளில் மௌனமாயின. பற்றரி இருந்த வீடுகளில் வானொலிச் செய்தி கேட்டது. மலைநாட்டார் பல தசாப்தங்களாகக் கைக்கொண்ட முறையை அன்று நகரத்தவரும் தேடினார்கள்.

இந்த அறிவு எந்தப் பாடநூலிலும் எழுதப்படவில்லை. லயத்துக்கு லயம், கைக்குக் கை மாறி வந்திருக்கிறது. நமது தொழிற்பயிற்சி நிலையங்கள் அதை ஏளனம் செய்யாமல் ஏற்று, பியூஸையும் பாதுகாப்பையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். தம் மலையின் நீரில் பிறந்த மின்சாரத்துக்காக இத்தனை காலம் காத்திருந்த மக்களுக்கு, அந்த மரியாதையாவது கிடைக்கட்டும்.