படித்த பள்ளிக்கூடமும் தொலைந்த குட்டிச் சொல்லும்

அவன் படித்த புத்தகம். அவன் படித்த பள்ளிக்கூடம். அவன் படித்த நாட்கள்.

இந்த மூன்றையும் கோம்பை பஸ் ஸ்டாப்பில் நிற்கும் யாரிடம் சொன்னாலும் சட்டென்று புரியும். புத்தகத்தைப் படித்தான், பள்ளிக்கூடத்தில் படித்தான், அந்த நாட்களில் படித்தான். "ஐ"யும் இல்லை, "இல்"லும் இல்லை, ஆனாலும் ஒருவருக்கும் குழப்பம் வராது. மூன்று இடத்திலும் "படித்த" என்ற ஒரே சொல் எல்லா வேலையையும் பார்த்துவிடுகிறது.

அதே பையன் ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். "தி புக் ஐ ரெட்" என்று எழுதுகிறான், சரி. அதே தைரியத்தில் "தி ஸ்கூல் ஐ ஸ்டடீட்" என்று எழுதுகிறான், தவறு. சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் "ப்ரெப்போசிஷன் எங்கே?" என்று ஒரு கேள்வி. கடைசியில் ஓர் "இன்" வந்திருக்க வேண்டும், அல்லது "ஸ்கூல்" என்பதற்கு அடுத்து "இன் விச்" வந்திருக்க வேண்டும். அரை மதிப்பெண் போச்சு. ஏன் போச்சு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. "கவனமா எழுதுப்பா" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

இது கவனக்குறைவே இல்லை. அந்தப் பையன் தமிழ் இலக்கணத்தை மிகச் சரியாகக் கடைப்பிடிக்கிறான், எழுதுகிற மொழி மட்டும் வேறு! அதை விளக்கும் பாடமும் அதே பள்ளிக்கூடத்தில், அடுத்த பீரியடில், தமிழ் ஐயா நடத்துகிற பெயரெச்சம்தான்.

பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததுதான். எழுதிய மாணவன், எழுதிய பேனா, எழுதிய மேசை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம். பேனாவால் எழுதினான், மேசையில் எழுதினான் என்று வாக்கியமாகச் சொல்லும்போது இருக்கிற வேற்றுமை உருபு, பெயரெச்சமாக மாறியதும் காணாமல் போகிறது. இரண்டு சொல்லுக்கும் உள்ள உறவைக் கேட்பவரே ஊகித்துக்கொள்கிறார். இதைத் தமிழின் குறை என்று சொல்ல முடியாது. உண்மையில் பெரிய சிக்கனம்.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கனம் கிடையாது. அங்கே பல வினைச்சொற்கள் ஒரு குட்டிச் சொல்லைக் கையோடு பிடித்துக்கொண்டுதான் நடக்கும். "லிசன்" என்றால் "டு", "டிபெண்ட்" என்றால் "ஆன்", "அப்ளை" என்றால் "ஃபார்". பெயர்ச்சொல் முன்னால் இடம் மாறிப் போனாலும் இந்தக் குட்டிச் சொல்லை அம்போ என்று விட்டுவிட முடியாது. வாக்கியத்தின் கடைசியில் வாலாக நிற்கலாம், இல்லை "விச்" என்பதற்கு முன்னால் தலையாக நிற்கலாம். ஆனால் நின்றே ஆக வேண்டும். ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் ஆட்கள் போகும் ஜீப்பை "தி ஜீப் தே கோ" என்று எழுதினால் பாதியில் நிற்கும், "தி ஜீப் தே கோ இன்" என்றால்தான் மலை ஏறும்.

இதில் என்ன பெரிய நஷ்டம், அர்த்தம் புரிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. காமர்ஸ் படிக்கிறவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. போடியில் ஏலக்காய் விற்ற ஒரு வியாபாரி வங்கிக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பணம் மாற்றிய கணக்கு" என்று தமிழில் நினைத்து, "தி அக்கவுண்ட் தி மணி வாஸ் ட்ரான்ஸ்ஃபர்டு" என்று எழுதிவிட்டார். எந்தக் கணக்கு? பணம் போன கணக்கா, பணம் வந்த கணக்கா? "ஃப்ரம்" போட்டால் ஒன்று, "டு" போட்டால் இன்னொன்று. இந்த இடத்தில் தமிழிலும் இரண்டு அர்த்தம் வரும். நேரில் பேசும்போது "எந்தக் கணக்குண்ணே?" என்று கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். கடிதத்திடம் யார் போய்க் கேட்பது?

காசோலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைப் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் ட்ராயர், ட்ராயி, பேயி என்று மூன்று பேரை மனப்பாடம் செய்கிறான். மூவரையும் ஆங்கிலத்தில் விளக்கிப் பார்த்தால் மூன்று குட்டிச் சொற்கள்தான் மிஞ்சும். காசோலை யாரால் எழுதப்பட்டதோ அவருக்கு "பை", எந்த வங்கியின் மேல் எழுதப்பட்டதோ அதற்கு "ஆன்", யாருக்குப் பணம் போக வேண்டுமோ அவருக்கு "டு". குட்டிச் சொல்லை விட்டுவிட்டால் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்றே தெரியாது. "பே" என்ற சொல்லும் இப்படித்தான். ஓர் ஆளுக்குப் பணம் கொடுத்தால் "தி மேன் ஐ பெய்டு", குட்டிச் சொல் வேண்டாம். ஒரு பொருளுக்குப் பணம் கொடுத்தால் "தி குட்ஸ் ஐ பெய்டு ஃபார்", கட்டாயம் வேண்டும்.

சரி, தெரிந்த மாணவர்களும் ஏன் தடுமாறுகிறார்கள்? அதற்குக் காரணம் ஒரு பழைய பயம். வாக்கியத்தை ப்ரெப்போசிஷனில் முடிக்கக் கூடாது என்று ஒரு விதி வகுப்புக்கு வகுப்பு சொல்லப்படுகிறது. இதன் வேர் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. ஜான் ட்ரைடன் என்ற கவிஞர் 1672-இல், தனக்கு முந்தைய தலைமுறை நாடக ஆசிரியரான பென் ஜான்சன் இப்படி எழுதியதைக் குற்றமாக எடுத்துச் சொன்னார். தன்னுடைய பழைய கட்டுரை ஒன்றையே 1684-இல் மறுபதிப்பு செய்தபோது வால் சொற்களை எல்லாம் திருத்தினார். 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லவுத், பேச்சிலும் சாதாரண எழுத்திலும் இது வழக்கம்தான் என்று ஒப்புக்கொண்டு, கம்பீரமான நடைக்கு மட்டும் ப்ரெப்போசிஷனை முன்னால் வைப்பது பொருத்தம் என்றார். பின்னால் வந்தவர்கள் அந்த "மட்டும்" என்பதை மறந்துவிட்டு மொத்தத்தையும் தடை செய்துவிட்டார்கள்! 1926-இலேயே ஃபௌலர் தன் அகராதியில் இது ஒரு மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார். நம்மூர் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் ரென் அண்ட் மார்ட்டின்கூட, "தட்" வந்தால் ப்ரெப்போசிஷன் கடைசியில்தான் வரும் என்று சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை போலும்.

இந்தப் பயத்தால் இரண்டு விதமான தவறுகள் பிறக்கின்றன. ஒன்று, கடைசியில் வைக்கப் பயந்து குட்டிச் சொல்லை ஒரேயடியாக விட்டுவிடுவது. இன்னொன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு இடத்திலும் வைத்துவிடுவது. "தி ஹவுஸ் இன் விச் ஹி லிவ்ஸ் இன்" என்பது இப்படி வந்ததுதான். ஒரே ஆளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்த மாதிரி.

உண்மையில் விஷயம் மிகவும் சின்னது. முதலில் இரண்டு தனி வாக்கியமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். "திஸ் இஸ் தி போஸ்ட். ஐ அப்ளைட் ஃபார் இட்." இரண்டாவது வாக்கியத்தில் "ஃபார்" இருக்கிறதா? அப்படியானால் சேர்த்த பிறகும் இருக்க வேண்டும். கடைசியில் வைத்தால் "விச்" போடலாம், "தட்" போடலாம், ஒன்றுமே போடாமலும் விடலாம். முன்னால் வைத்தால் பொருளுக்கு "விச்", ஆளுக்கு "ஹூம்" மட்டுமே. "ஃபார் தட்" என்றோ "டு ஹூ" என்றோ எழுதக் கூடாது. அலுவலகக் கடிதத்துக்கு முன்னால் வைப்பது கொஞ்சம் கௌரவமாக இருக்கும், நண்பனுக்கு எழுதும்போது கடைசியில் வைப்பதுதான் இயல்பு.

எல்லா வினைக்கும் முன்னால் வைக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். "கேரி அவுட்" என்பதில் "அவுட்" வினையோடு ஒட்டிப் பிறந்தது. "தி பிளான் அவுட் விச் ஹி கேரீட்" என்று பிரித்தால் ஆங்கிலேயரே சிரித்துவிடுவார். "புட் அப் வித்", "லுக் ஆஃப்டர்" போன்றவற்றையும் கடைசியில் விட்டுவிடுவதே நல்லது. மறுபக்கம், "தி டே ஹி கேம்" என்பது போல நாளைச் சொல்லும்போது குட்டிச் சொல் இல்லாவிட்டாலும் தவறில்லை. அந்த ஒரு இடத்தில் ஆங்கிலமும் தமிழ் மாதிரியே நடந்துகொள்கிறது.

ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணம் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். தமிழர் மட்டுமா இந்தத் தவறு செய்கிறார்கள் என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எலேன் க்ளைன் என்ற மொழியியலாளர் 1993-இல் வெளியிட்ட நூலில், பல தாய்மொழிக்காரர்களும் ஆங்கிலம் கற்கும்போது இப்படிக் குட்டிச் சொல்லை விடுவதைக் காட்டியிருக்கிறார். தனி வாக்கியத்தில் சரியாக எழுதுகிறவர்களே சேர்த்து எழுதும்போது விடுகிறார்கள். ஆக, பழியை முழுக்கத் தமிழின் மேல் போட முடியாது. ஆனால் மருந்து தமிழிலேயே இருக்கிறது என்றால் எடுத்துக்கொள்வதில் என்ன தவறு?

அந்த மருந்து "எந்த... அந்த" என்ற வழக்கு. "எந்தக் கணக்கிலிருந்து பணம் போனதோ, அந்தக் கணக்கு" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒளிந்திருந்த "இலிருந்து" வெளியே வந்துவிடுகிறது. அதுதான் "ஃப்ரம் விச்". "எந்த வேலைக்கு விண்ணப்பித்தேனோ, அந்த வேலை" என்றால் "கு" வந்துவிடுகிறது. அதுதான் "ஃபார் விச்". தமிழ் ஐயாவும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஒரு பீரியட் சேர்ந்து உட்கார்ந்து இதை நடத்தினால், பல வருடச் சிவப்பு மை மிச்சமாகும்.

கோம்பையிலும் உத்தமபாளையத்திலும் டிகிரி முடிக்கிறவர்களில் பலர் அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரிகள். விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. அந்தக் கடிதத்தின் முதல் வரியே "தி போஸ்ட் ஐ ஆம் அப்ளையிங்" என்று ஆரம்பித்தால், படிக்கிறவர் இரண்டாவது வரிக்குப் போகாமலே போகலாம். எழுதியவனின் அக்கவுண்ட்ஸ் அறிவும் உழைப்பும் அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கும். மூன்றெழுத்துச் சொல் ஒன்றுக்காக அது படிக்கப்படாமல் போவது நியாயமில்லை. அதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும்.