சாம்பார் இல்லாத இட்லி

பெங்களூரு சங்கரபுரத்தில் 1965இல் தொடங்கிய பிராமின்ஸ் காபி பாரில் சாம்பார் கிடையாது. இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பட்டியல். தட்டை வாங்கிக்கொண்டு தெருவோரம் நின்றபடிதான் சாப்பிட வேண்டும். இட்லியின் மேல் தேங்காய்ச் சட்னியைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். தீர்ந்ததும் தட்டை நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள். சூடான இட்லி அந்தச் சட்னியை உறிஞ்சி அடிப்பக்கம் குழைந்துவரும். அந்தப் பதத்தில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள், சாம்பார் நினைப்பே வராது.

நிதானமாகச் சாப்பிட விடுமுறையும் வாழையிலையும் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. நின்றபடி பத்து நிமிடத்தில் சாப்பிட்டாலும் நிதானமாகச் சாப்பிடலாம். கைப்பேசி பையில் இருக்க வேண்டும், அவ்வளவே. காந்தி பஜாரில் 1943 முதல் இயங்கும் வித்யார்த்தி பவனில் மசால் தோசைக்குக் காத்திருப்பவர்களிடமும் இந்த நிதானத்தைப் பார்க்கிறேன். முறுகலான தோசை வந்ததும் பேச்சு தானாக நின்றுவிடுகிறது. வீட்டில் காபி போடும்போதும் இது முடியும். டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தை யாராலும் விரட்ட முடியாது. அதுவரை சும்மா இருக்கலாம்.

ஆனால் சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலில், கார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பிஸ்கட்டை விழுங்கும் இளைஞர்களைக் கண்டால் மனசு கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கே கூட்டம் வைக்கும் மேலாளர்களே, அதை ஒன்பதரைக்குத் தள்ளிவையுங்கள்.